மூன்று நாள் மௌனத் தியானம்: மைக் இல்லாமல் இருந்திருந்தால் ஐந்து நட்சத்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய பக்திமான் கிடையாது. ஞாயிறு பூசைக்குப் போவேன், பிரசங்கம் இழுத்தால் மெல்ல வெளியே வந்து வண்டி நிறுத்தும் பக்கம் நிற்பேன், அவ்வளவுதான் என் ஆன்மிகம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கூடவே மனு, பத்திரம் டைப் அடித்துக் கொடுப்பது. காலை ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு எட்டு வரை இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கு மேல் "அண்ணே, ஆபீஸ் மூடிடுவாங்க, சீக்கிரம்" என்று தலைக்கு மேல் நாலு பேர் நிற்பார்கள். இந்த ஆளை மூன்று நாள் வாயை மூடி உட்கார வைக்கிற இடத்துக்கு அனுப்பியது என் வீட்டுக்காரி. போன வருஷம் அன்பியத்து (எங்கள் கோயிலில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழு) பெண்களோடு அவள் போய்விட்டு வந்தாள், வந்து ஒரு வாரம் வீட்டில் குரலே உயரவில்லை. இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா? ஆனால் நான் சரி என்று சொல்வதற்கு முன்னாலேயே என் பெயரைக் கொடுத்துவிட்டாள், அது வேறு.

இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்லப் போகிறேன், நடத்துகிறவர்களோ நல்ல மனிதர்கள், எதற்கு வம்பு. புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் ரோட்டிலிருந்து கடல் பக்கம் உள்ளே போகிற ஒரு தியான இல்லம், அது போதும். வியாழன் மாலை போய் ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது. மூன்று இரவுக்கு, சாப்பாடும் சேர்த்து, ஆளுக்கு 2,700 ரூபாய். கடையை வெள்ளி, சனி இரண்டு நாள் மூடிய நஷ்டத்தை நான் தனியாகக் கணக்குப் போட்டேன், அதை இங்கே சொன்னால் சிரிப்பீர்கள்.

பதிவு செய்யும்போதே ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை, பிபி மாத்திரை கேட்டிருந்தார்கள், சரி. கடந்த ஆறு மாதத்தில் வீட்டில் யாராவது இறந்தார்களா, தூக்கத்துக்கோ மனசுக்கோ மாத்திரை எடுக்கிறீர்களா என்றும் கேட்டிருந்தார்கள். இதெல்லாம் இவர்களுக்கு எதற்கு என்று எரிச்சலாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் மதியம் புரிந்துவிட்டது எதற்கென்று. சத்தமே இல்லாத ஒரு அறையில் ஒரு மனிதனை உட்கார வைத்தால் உள்ளே கிடப்பது எல்லாம் மேலே வரும், பலவீனமாக இருக்கிறவரை அது சாய்த்துவிடும். அந்தப் படிவத்துக்கே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

பஸ்ஸில்தான் போனேன். புதுச்சேரி எல்லையில் பிராந்திக் கடைகள் இருக்கிற முள்ளோடை தாண்டும்போது வழக்கம்போல பாதி பஸ் இறங்கியது. அவர்கள் ஒரு வகை அமைதியைத் தேடிப் போகிறார்கள், நான் ஒரு வகை.

நம் பக்கம் தியானம் என்றால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கீபோர்டு, டிரம்ஸ், கை தட்டல், கண்ணீர், மூன்று மணி நேரப் பிரசங்கம், நடுவில் சாட்சி சொல்ல வருபவர்கள். நானும் அதைத்தான் எதிர்பார்த்து, பின்வரிசையில் தூங்கிக்கொள்ளலாம் என்று போனேன். அங்கே மொத்தமே பத்தொன்பது பேர். வாசலிலேயே நம்பர் போட்ட துணிப்பையில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் இரண்டாவது போனை உள்ளே கொண்டுபோய்விட்டார் என்பது மறுநாள் காலை பாத்ரூமுக்குள்ளிருந்து ரிங்டோன் வந்தபோது எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லத்தான் முடியாதே.

வகுப்பு எடுத்தவர் ஒரு சிஸ்டர், அறுபதைத் தாண்டியவர், மெல்லிய குரல். முறை ரொம்பச் சின்னது. முதுகு நேராக உட்கார வேண்டும், தரையிலோ நாற்காலியிலோ. கண்ணை மூட வேண்டும். ஒரு சின்னச் சொல்லை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும், "அப்பா", "வா", "அன்பு" இப்படி ஏதாவது. அந்தச் சொல்லை ஜெபமாலை மாதிரி எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மனசு எங்கேயோ போய்விட்டது என்று தெரிகிற நேரத்தில் மட்டும் அதை மெதுவாக உள்ளே சொல்லித் திரும்ப வேண்டும். இருபது நிமிஷம். முடிந்ததும் உடனே எழாமல் இரண்டு நிமிஷம் அப்படியே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஆண்டவரிடம் எதையும் கேட்கக் கூடாது, காட்சி எதையும் கற்பனை செய்யக் கூடாது, நல்ல எண்ணம் வந்தாலும் அதையும் விட்டுவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் புதிது. நல்ல எண்ணமே எனக்கு எப்போதாவதுதான் வரும், அதையும் விடச் சொன்னால் எப்படி.

இது ஏதோ யோகா கிளாஸிலிருந்து எடுத்தது என்று எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்குச் சந்தேகம், முதல் மாலை மட்டும் பேச அனுமதி இருந்ததால் கேட்டேவிட்டார். சிஸ்டர் கோபப்படவில்லை. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலம் ஸ்பென்சர் என்ற ஊரில் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம் ஒன்று இருக்கிறது, 1970-களில் அங்கே இருந்த மூன்று துறவிகள், தாமஸ் கீட்டிங், வில்லியம் மெனிங்கர், பேசில் பென்னிங்டன், இதை இந்த வடிவத்தில் ஒழுங்குபடுத்தினார்கள் என்றார். அந்த ஊர்ப் பிள்ளைகள் தியானம் கற்றுக்கொள்ள இந்து, பௌத்த குருமார்களைத் தேடிப் போவதைப் பார்த்து, நம் வீட்டிலேயே இருப்பதை ஏன் இவர்களுக்குக் காட்டவில்லை என்று யோசித்தார்களாம். அவர்கள் எடுத்தது 14-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய புத்தகத்திலிருந்து. ஒரே ஒரு சின்னச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆண்டவர் முன்னால் இரு என்பது அதிலேயே இருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது ஜான் மெயின் கதை. இங்கிலாந்துக்காரர், 1950-களில் மலேயாவில் அரசு வேலையில் இருந்தபோது சுவாமி சத்யானந்தா என்பவரிடம் ஒரு சொல்லை வைத்துத் தியானம் செய்யக் கற்றுக்கொண்டார். திரும்பிப் போய் ஆசீர்வாதப்பர் (பெனடிக்டின்) சபையில் துறவியாகச் சேர்ந்தபோது, இதெல்லாம் கிறிஸ்தவ முறை கிடையாது, விட்டுவிடு என்றார்கள். விட்டுவிட்டார். பல வருஷம் கழித்து ஜான் காசியன் என்ற ஆதிகாலத் துறவி எழுதியதைப் படிக்கும்போது அதே விஷயம் அங்கே இருக்கிறது! ஏறக்குறைய 1,600 வருஷத்துக்கு முந்தையது. அவர் வழியில் "மாரநாதா" என்ற அரமேயச் சொல்லை, ஆண்டவரே வாரும் என்று பொருள், தொடக்கத்திலிருந்து முடிவு வரை விடாமல் உள்ளே சொல்ல வேண்டும், இதுதான் இரண்டு முறைக்கும் வித்தியாசம். இதைக் கேட்டதும் பெரியவர் கொஞ்சம் சமாதானமானார். அப்புறம் சிஸ்டர் நம்ம பக்கத்துக்கே வந்துவிட்டார்: 1950-ல் குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கிய இரண்டு பிரெஞ்சு சாமியார்களில் ஒருவர், அபிஷிக்தானந்தா என்று பெயர் வைத்துக்கொண்டவர், ரமணரைப் பார்த்த பிறகு திருவண்ணாமலை மலைக் குகைகளில் போய் மௌனமாக உட்கார்ந்திருந்தவர். பிரான்சிலிருந்து கிளம்பி வந்து நம்ம ஊர் மலையில் சும்மா இருந்திருக்கிறார். நான் கடலூரிலிருந்து தீபத்துக்குப் பஸ் கூட்டம் அதிகமாகும் என்பதற்கு மேல் அந்த மலையைப் பற்றி யோசித்ததே கிடையாது.

சரி, இப்போது குறைக்கு வருவோம்.

மைக். பத்தொன்பது பேர் உட்கார்ந்திருக்கிற ஹாலில் எதற்கு ஐயா மைக்? சிஸ்டர் முதல் மாலை மைக் இல்லாமல்தான் பேசினார், எல்லாருக்கும் கேட்டது. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து வேறு ஒரு ஃபாதர் வந்தார், எக்கோ வைத்த மைக்கைக் கையில் வாங்கினார், மௌனத்தின் மகிமையைப் பற்றி ஒரு மணி பத்து நிமிஷம் பேசினார். கடிகாரம் எதிரிலேயே இருந்தது, அதனால் சரியாகத் தெரியும். மாலை மறுபடியும் முக்கால் மணி நேரம். சனிக்கிழமையும் இரண்டு தடவை. நல்லாத்தான் பேசினார், அதில் குறை கிடையாது, எலியா மலைக் குகையில் இருந்தபோது காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் ஆண்டவர் இல்லை, கடைசியில் வந்த மெல்லிய ஒலியில்தான் இருந்தார் என்பதை அழகாகச் சொன்னார். ஆனால் அந்த மெல்லிய ஒலியைப் பற்றி எக்கோவில் கேட்கும்போது சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மௌனத் தியானம் என்று 2,700 ரூபாய் வாங்கினால் பேச்சை இருபது நிமிஷத்துக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும், இது என் நியாயமான கோரிக்கை.

இரண்டாவது, தேதி. யார் ஐயா ஆடி வெள்ளியில் மௌனத் தியானம் வைப்பது? சுவருக்கு அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில். காலை நாலரைக்கே கூம்பு ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி அம்மா ஆரம்பித்துவிட்டார். கோயில்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆடி மாசம் எந்தத் தேதியில் வரும் என்பது வருஷாவருஷம் காலண்டரிலேயே இருக்கிறது, பார்க்காதது இவர்கள்தான். அந்தப் பாட்டு எனக்குச் சின்ன வயதிலிருந்து மனப்பாடம், இருபது நிமிஷத்தில் பதினைந்து நிமிஷம் என் உள்ளே ஓடியது அதுதான். சிஸ்டரிடம் சொன்னேன். "ஓடட்டும், கூடவே பாடாம இருங்க போதும்" என்றார். மதியம் சுவருக்கு மேலே ஒரு தூக்குவாளியில் கூழ் வந்தது, எங்களுக்கும் சேர்த்து. மௌனமாகவே குடித்தோம், சின்ன வெங்காயத்தோடு. இந்த மூன்று நாளில் சாப்பிட்டதில் அதுதான் முதலிடம் என்று எழுதினால் தியான இல்லத்துச் சமையல் அக்காவுக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் உண்மை.

அவர்கள் சாப்பாடும் மோசமில்லை. காலையில் பொங்கல் அல்லது இட்லி, மதியம் சாம்பார், ரசம், ஒரு பொரியல், சனிக்கிழமை மீன் குழம்பு, இரவு கஞ்சி அல்லது கோதுமை தோசை. பேசாமல் சாப்பிடும்போது உப்பு குறைந்தால் கேட்க முடியாது, சைகையில் கேட்கலாம் என்றாலும் யாருக்கும் கை வரவில்லை, அதனால் எல்லாரும் உப்பில்லாத பொரியலை அமைதியாகச் சாப்பிட்டு முடித்தோம். வீட்டில் இதே பொரியலுக்கு நான் என்ன பேசியிருப்பேன் என்று யோசித்தேன், என் வீட்டுக்காரி எதற்கு என்னை இங்கே அனுப்பினாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அறை இரண்டு பேருக்கு ஒன்று. மெத்தை மெல்லியது, கொசு உண்டு, ஃபேன் வேகம் ஒன்றுதான். என் அறைக்காரர் விட்ட குறட்டை மௌன விதிக்குள் வருமா என்பது தெரியவில்லை.

இரண்டாம் நாள் மதியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த ரிவ்யூ எழுதுவதே அதற்காகத்தான். நான் எடுத்துக்கொண்ட சொல் "அப்பா". பட்டியலில் முதலில் இருந்தது, எடுத்துவிட்டேன், ஜெராக்ஸ் கடைக்காரன் புத்தி. வெள்ளிக்கிழமை வரை தொந்தரவு எதுவும் இல்லை. சனிக்கிழமை மதியம் அந்தச் சொல்லைச் சொன்னதும் என் சொந்த அப்பா வந்து உட்கார்ந்துகொண்டார். "சும்மா இரேன்டா கொஞ்ச நேரம்" என்று என்னைத் திட்டிக்கொண்டே இருப்பார், அதே குரல். அவர் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். வீட்டை வைத்து அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு நின்று நாலு வருஷம் ஆகிறது. ஊராருக்கெல்லாம் பாகப்பிரிவினைப் பத்திரம் டைப் அடித்துக் கொடுக்கிறவன், நாலு எல்லையும் தப்பில்லாமல் அடிப்பேன், என் வீட்டுக்கு ஒரு வரி அடிக்க முடியவில்லை. இருபது நிமிஷமும் உள்ளே அண்ணனோடு சண்டைதான். அவன் சொன்னது, நான் சொன்னது, நான் சொல்லியிருக்க வேண்டியது, அண்ணி இடையில் சொன்னது. மணி அடித்தபோது என் பனியன் முழுக்க வேர்வை, முஷ்டி மடங்கியிருந்தது.

ஒவ்வொருவருக்கும் தினம் பதினைந்து நிமிஷம் சிஸ்டரோடு தனியாகப் பேச நேரம் உண்டு, அது மட்டும் மௌனத்தில் சேராது. போய் எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லை மாற்றிக்கொள்ளட்டுமா என்றும் கேட்டேன். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை, மன்னித்துவிடு, விட்டுக்கொடு, எதுவும் கிடையாது. "உட்கார்ந்த இருபது நிமிஷத்துக்குள்ள மாத்தாதீங்க. அப்புறம் வேணும்னா மாத்திக்கலாம். சண்டை வந்தா வரட்டும், நீங்க எழுந்து மட்டும் போயிடாதீங்க" என்றார். அவ்வளவுதான். அப்புறம் அவிலா தெரேசா சொன்ன ஒன்றைச் சொன்னார். 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயினில் இருந்த அந்த அம்மா ஜெபத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு ஒப்பிட்டிருக்கிறார். முதலில் கிணற்றில் வாளி விட்டு இறைப்பது, கை காய்த்துப் போகும். அடுத்து ஏற்றம் மாதிரி ஒரு சக்கரம், கொஞ்சம் சுலபம். அப்புறம் வாய்க்கால் தண்ணீர். கடைசியில் மழை, நாம் செய்ய ஒன்றுமே இல்லை. "நீங்க இப்ப வாளி விட்டுட்டு இருக்கீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலூர்க்காரனிடம் மழை என்றால் 2011 டிசம்பர் 30 தானே புயல்தான் ஞாபகத்துக்கு வரும் சிஸ்டர், வாளியே நல்லது என்றேன். அவரும் சிரித்தார்.

ஆனால் அந்தப் பேச்சு உள்ளே எதையோ கிளறிவிட்டது. அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன், இந்த மாதிரி நிசப்தத்தை இதற்கு முன் எங்கே கேட்டிருக்கிறேன் என்று. தானே அடித்த மறுநாள் காலைதான். கரண்ட் இல்லை, போன் இல்லை, பஸ் இல்லை, மரமெல்லாம் தெருவில் கிடக்கிறது, ஒரு பறவைகூட கத்தவில்லை. அன்று தெரு முனையில் விழுந்து கிடந்த முருங்கை மரத்தை வெட்டி ஒதுக்கியது நானும் அண்ணனும்தான், இரண்டு மணி நேரம், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, பேசத் தேவையும் படவில்லை. இது எனக்குப் பல வருஷமாக ஞாபகத்திலேயே இல்லை. ஞாயிறு காலை கடைசி இருபது நிமிஷத்தில் உட்கார்ந்தபோது சண்டை வந்தது, ஆனால் கொஞ்சம் தள்ளி நின்றது, பக்கத்து வீட்டில் நடக்கிற மாதிரி.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், அமைதிக்கு 2,700 ரூபாய் எதற்கு என்று. கேட்க வேண்டியதுதான். புதுச்சேரியில் அமைதி இலவசமாகவே கிடைக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தில் சமாதியைச் சுற்றி எவ்வளவு கூட்டம் இருந்தாலும் ஒரு சத்தம் இருக்காது, மேலே மரம், யார் வேண்டுமானாலும் ஓரமாக உட்காரலாம், எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள், மதிய நேரத்தில் மூடிவிடுவார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் பக்கத்து இருதய ஆண்டவர் பசிலிக்காவில் வேலை நாளில் பூசை இல்லாத நேரத்தில் போய்ப் பாருங்கள், கண்ணாடி ஜன்னல் வழியாக வெளிச்சம் தரையில் நகர்வதைப் பார்த்தே அரை மணி போகும். துமா தெருவில் 1855-ல் கட்டிய கப்ஸ் கோயில் என்கிற மாதா கோயில் இன்னும் அமைதி, கடல் பக்கத்திலேயே. ஆரோவில் மாத்ரிமந்திர் உள்ளே உட்கார முன்பதிவு வேண்டும், அங்கே என்னால் அந்தப் பளிங்குருண்டையைப் பார்க்காமல் கண்ணை மூட முடியவில்லை. எங்கள் ஊரிலேயே தேவனாம்பட்டினம் கடற்கரை வாரநாள் காலையில் காலியாகத்தான் கிடக்கிறது. இதற்கெல்லாம் காசு கிடையாது. ஆனால் அங்கெல்லாம் சனிக்கிழமை மதியம் மாதிரி ஒன்று எனக்கு நடந்திருந்தால் எழுந்து டீக்கடைக்குப் போயிருப்பேன். எழுந்து போகாதே என்று சொல்ல ஒரு ஆள், போய்க் கொட்ட ஒரு பதினைந்து நிமிஷம், நான் காசு கொடுத்தது அதற்குத்தான். அதனால் இப்படி எங்கேயாவது போக நினைப்பவர்கள் அறை எப்படி, கடல் தெரியுமா என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, தனியாகப் பேச ஆள் இருக்கிறாரா, அவர் எவ்வளவு நேரம் கேட்பார் என்று விசாரியுங்கள்.

வந்து ஏழு வாரம் ஆகிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை எல்லாம் நடக்கவில்லை. காலை ஐந்தே முக்காலுக்கு, பால்காரர் வருவதற்கு முன்னால், ஒரு தடவை. வாரத்தில் நாலு நாள் உட்காருகிறேன், அதில் ஒரு நாள் தூங்கிவிடுகிறேன், தூக்கம் வந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம் என்று சிஸ்டர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். சொல்லை மாற்றவில்லை. கடையில் கொஞ்சம் குரல் குறைந்திருக்கிறது என்று பையன் சொல்கிறான், சம்பளம் கேட்கிற வாரம் அது, எவ்வளவு நம்புவது என்று தெரியவில்லை. அண்ணனோடு இன்னும் பேசவில்லை.

போகிறவர்களுக்கு: சொந்தமாகப் பெட்ஷீட், கொசுவுக்கு ஏதாவது, மாத்திரை, ஒரு கைக்கடிகாரம் கொண்டுபோங்கள், போனை வாங்கிவிடுவார்கள். முட்டி வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம், பிளாஸ்டிக் நாற்காலி உண்டு, வெஸ்டர்ன் டாய்லெட் கீழ்த்தளத்தில் ஒன்றுதான் இருக்கிறது, கீழ் அறை கேட்டு வாங்குங்கள். வெந்நீர் காலை ஆறுக்குள் தீர்ந்துவிடும். மற்ற மதத்துக்காரர்கள் இரண்டு பேர் எங்களோடு இருந்தார்கள், பூசைக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டில் இப்போதுதான் ஒரு சாவு என்றால் கொஞ்ச நாள் போகட்டும், மனநல டாக்டரைப் பார்ப்பவர்கள் அவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஐந்துக்கு மூன்றரை. சிஸ்டருக்கு மட்டும் என்றால் ஐந்து. அடுத்தது தவக்காலத்தில் வைக்கிறார்கள் என்று போன வாரம் போன் செய்து விசாரித்தேன். மைக் இருக்குமா என்று கேட்டேன். "புதுசு வாங்கியிருக்கோம் சார், இப்ப எக்கோ ரொம்ப நல்லா வருது" என்றார்கள். பெயரைக் கொடுத்துவிட்டேன்.